முதல் பாட்டுக்குக் காத்திருந்த கால்கள்

மதுரையில் அந்த மண்டபத்தின் நடுவே, சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். காலில் சக்கரம். உள்ளங்கையில் வியர்வை. பாவாடையில் துடைத்தால் நடுவர்கள் பார்த்துவிடுவார்களே என்று கையை அப்படியே நீட்டி வைத்திருந்தேன்.

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. என்னுடைய நாதஸ்வரம்தான். வாரக்கணக்கில் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் தவில்காரர் விரலால் மெல்லத் தட்டிப் பார்க்கிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த இசை ஆரம்பித்ததும் வலது காலைத் தள்ளி ஒரு பெரிய வட்டம் போட வேண்டும்.

கால் நகரவில்லை.

தூணோரமாக நின்ற மெர்சி டீச்சர், கோழியை விரட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் 'போ, போ' என்று காட்டினார். அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன வாரம் இந்தத் தொடரை, எங்கள் களத்தில் ஒரு மிளகு உருண்டு வந்து சக்கரத்தில் சிக்கி நான் முழங்காலை உடைத்துக்கொண்டதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் போனில் கேட்டார்: "அம்மா, ஸ்கேட்டிங் என்றால் பனியில் அல்லவா ஆடுவார்கள்? போடியில் ஏது பனி?"

நியாயமான கேள்வி.

ஐஸ் என்றால் மரத்தூள்

போடியில் ஐஸ் என்றால், மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி சர்பத் கடைக்கு வந்து இறங்குமே, அதுதான். அதன்மேல் ஏறி ஆட வேண்டுமானால் எறும்பாகப் பிறந்திருக்க வேண்டும்.

பனியில் ஆடும் பெண்களை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். மேகமலை எஸ்டேட் கிளப்பில் கிடந்த பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை அப்பா கடைக்குக் கொண்டுவந்திருந்தார், பொட்டலம் மடிக்க. அதில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்று, கைகளை விரித்து, கீழே பனி பளபளக்க, சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படித்தான் சிரிப்பு வருகிறதோ என்று நினைத்தேன். எனக்கு இரண்டு காலில் நின்றாலே கை சுவரைத் தேடும்.

நாங்கள் ஆடியது அதே ஆட்டம்தான், சக்கரத்தில். சுழல்வது, தாவுவது, பின்பக்கமாக வட்டமடிப்பது எல்லாம் உண்டு. கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தபோது அதைக் கற்றுக்கொண்ட மெர்சி டீச்சர், எங்கள் பள்ளிக்கு டிரில் டீச்சராக வந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். பதற்றம் வந்தால் கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். எனக்கு நகம் கடிக்கும் பழக்கம். இரண்டு பேரும் சேர்ந்தால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கே பயம் வந்துவிடும்.

ஆடும் இடம் எங்கள் காப்பிக் களம். அப்பாவுக்கு பஜாரில் காப்பி, மிளகு வியாபாரம். கடைக்குப் பின்னால் பழம் காயவைக்கச் சிமெண்டால் போட்ட பெரிய களம். சரக்கை வாரியபிறகு, நானே மூலை முடுக்கெல்லாம் பெருக்குவேன். ஒரு மிளகு கண்ணுக்குத் தப்பினால் என் மூக்கு தப்பாது. காப்பிப் பழம் ஊறிய புளித்த வாசனை சிமெண்டிலேயே தங்கிவிட்டிருந்தது. இன்றைக்கும் அந்த வாசனை எங்காவது அடித்தால் என் முழங்கால் கூசும்.

அத்தைக்கு இதெல்லாம் கட்டோடு பிடிக்காது. அப்பாவின் அக்கா அவர். எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துகிறவர். "சக்கரச் செருப்பு மாட்டிக்கிட்டு வயசுப் புள்ள சுத்துது. நாளைக்கு ஆராதனைக்கும் உருண்டுக்கிட்டே வருவா போல" என்பார்.

ஆனால் எனக்கு அது விளையாட்டு இல்லை. மெர்சி டீச்சர் மாதிரி நானும் டிரில் டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்குக்கு எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்காது. மதுரைத் தேர்வில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போகும் குழுவில் இடம் கிடைத்தால், அந்தச் சான்றிதழைக் காட்டி உடற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்துவிடலாம். கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். அத்தை ஏற்கெனவே டைப்ரைட்டிங் வகுப்புக்கு விசாரித்து வைத்திருந்தார்.

வாயைத் திறக்காத இசை எங்கே?

ஆட்டம் ஒருவழியாக வந்துவிட்டது. எதற்கு ஆடுவது என்பதில்தான் வந்து மாட்டிக்கொண்டோம்.

போட்டி விதி ஒன்றே ஒன்று எங்களைப் படுத்தியெடுத்தது. இசையில் மனிதக் குரல் இருக்கக் கூடாது. வெறும் வாத்தியம்தான். கேட்க எளிதாக இருக்கிறது. போடி பஜாரில் அந்தக் காலத்தில் யார் பாடாத இசைத்தட்டு இருந்தது? எல்லாத் தட்டிலும் யாராவது காதலித்துக்கொண்டிருந்தார்கள், இல்லையென்றால் அழுதுகொண்டிருந்தார்கள்.

அப்பா மேகமலைக்குப் போனபோது கிளப்பில் கேட்டு ஓர் ஆங்கில இசைத்தட்டு வாங்கி வந்தார். சின்னமனூரிலிருந்து மேலே போகும் பாதை அன்றைக்கு எப்படி இருக்கும் என்று அதில் போனவர்களுக்குத் தெரியும். ஜீப்பில் மடியில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார். ஆனால் மலையின் ஈரத்தில் தட்டு ஏற்கெனவே அப்பளம் மாதிரி நெளிந்துபோயிருந்தது. போட்டால் வயலின்கள் மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறின.

"என்னப்பா, மலைப்பாதையில ஜீப்பு போற மாதிரியே கேக்குது" என்றேன். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது.

அடுத்து அப்பா தானே ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார். சபையில் அவர்தான் வாசிப்பார். ஒரு கீர்த்தனையின் மெட்டை மட்டும் வாசித்தார். ரொம்ப உருக்கமாக இருந்தது. உருக்கத்தில் என் சக்கரமும் மெல்ல மெல்ல உருகி, களத்தின் நடுவில் தானாக நின்றுவிட்டது.

"இதுக்கு ஆடுனா நடுவருக முழங்கால் போட்டுருவாக" என்றார் மெர்சி டீச்சர். சிரிக்கவில்லை. கடிகார வாரைக் கழற்றினார்.

போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பரமண்ணன்

அப்போதுதான் மைக்செட் பரமண்ணன் வந்தார். எங்கள் பகுதியில் காதுகுத்து, கல்யாணம், தேர்தல், எதுவானாலும் அவருடைய குழாய்தான் மரத்தில் ஏறும். கடைக்குக் காப்பித்தூள் வாங்க வந்தவர், நான் இசையே இல்லாமல் ஆடுவதைப் பார்த்துவிட்டார்.

"என்ன ஆத்தா, ஊமைப் படமா?"

விஷயத்தைச் சொன்னோம். "பாடாத தட்டுத்தான வேணும்? எங்கிட்ட நாயனம் இருக்கு. தாலி கட்டுறப்ப போடுறது இல்ல, இது வேற. மொதல்ல ராகமா நின்னு நின்னு வரும். பெறகு தவுலு விழும் பாருங்க, செத்தவன் எந்திரிப்பான்" என்றார்.

மறுநாளே பெட்டியோடு வந்து போட்டார். அந்தத் தவில் விழுந்ததும் என் கால் தன்னால் போய்விட்டது. யாரும் சொல்லித்தராத ஒரு தாவல் வந்தது. வந்து இறங்கியதும்தான் தாவினேன் என்றே தெரிந்தது. மெர்சி டீச்சர் கடிகாரத்தைக் கீழே போட்டுவிட்டார்.

ஆனாலும் அவருக்குப் பயம். "மத்த ஸ்கூல் பிள்ளைக எல்லாம் பியானோ, ஆர்கெஸ்ட்ரான்னு வருவாக. நாம நாயனத்தோட போயி நின்னா, பொண்ணு மாப்பிள்ளை எங்கன்னு கேட்டுச் சிரிக்க மாட்டாகளா?"

அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் வேறு வழியும் இல்லை.

ஊசிக்குச் சூடு

பரமண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. உண்மையில் மைக்செட்காரர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். அவருக்குக் கொஞ்சம் கூடுதல். எந்த நிகழ்ச்சியானாலும் பிள்ளையார் பாட்டு ஒன்று முழுதாக ஓடினால்தான் அடுத்த தட்டைத் தொடுவார். அதை 'முதல் பாட்டு' என்பார்.

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கும் அவர்தான் செட். எங்கள் போதகர் ஐயர் கண்டிப்பானவர், கோயில் பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பரமண்ணன் என்ன செய்தார் தெரியுமா? குழாய் ஒயரைக் கழற்றிவிட்டு, தட்டை ஓடவிட்டு, ஊசியிலிருந்து கொசு மாதிரி வருமே ஒரு சத்தம், அதில் காதை வைத்துப் பாட்டு முழுவதையும் தான் மட்டும் கேட்டார். பிறகு ஒயரை மாட்டி, "இப்ப உங்க சாமிக்கு ஆரம்பிங்க" என்றார்.

எங்கள் களத்திலும் அதே ஒழுங்கு. முதலில் நாதஸ்வரத் தட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சத்தம் சரியா என்று பார்ப்பார். எடுத்துவிடுவார். அடுத்து முதல் பாட்டு. அது முழுதாக ஓடும். அதற்குப் பிறகு நாதஸ்வரம் மறுபடி ஆரம்பத்திலிருந்து. அப்போதுதான் நான் ஆட வேண்டும்.

அத்தை சும்மா இருப்பாரா? "ஏண்டா தம்பி, சபைக்காரன் களத்துல பிள்ளையார் பாட்டு ஓடுதே, கேக்க ஆளில்லையா?" என்று அப்பாவிடம் வந்து நின்றார்.

"அது ஊசிக்கு சூடு ஏத்துறதுக்கு, அக்கா" என்றார் அப்பா. "மொதல்ல ஒண்ணு ஓடுனாத்தான் மிஷினு சரியா வருமாம்." அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அபூர்வம். அத்தைக்கு மிஷின் விஷயத்தில் மரியாதை உண்டு; திரும்பிப் போய்விட்டார்.

எனக்கும் அந்தப் பாட்டு பழகிப்போனது. அது ஓடும்போதுதான் வாரை இறுக்குவேன். கையைத் துடைப்பேன். நடுங்குகிறதெல்லாம் நடுங்கி முடிப்பேன். கடைசி அடி வரும்போது நடுவில் போய் நிற்பேன். பாட்டு முடிந்து, ஊசி தூக்குகிற 'கிரக்' என்ற சத்தம் வந்ததும் பயம் எங்கோ போய்விடும். தினமும் அப்படித்தான். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரயிலில் ஒரு தட்டு

போடியிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனோம். அப்பா, மெர்சி டீச்சர், நான், பரமண்ணன். தட்டை நம்பி யாரிடமும் கொடுக்க முடியாது என்று அவரும் கிளம்பிவிட்டார். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வெயில் அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் மாறி உட்காருவார். "நெளிஞ்சுட்டா மேகமல கதைதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் ஒரு நகத்தைக் கடித்தேன்.

ஆண்டிபட்டியில் அப்பா வாங்கித் தந்த வடையை அடுத்த ஸ்டேஷனுக்கு முன்பே ஜன்னல் வழியாகக் காகத்துக்குக் கொடுத்தேன்.

மண்டபத்தில் நுழைந்ததும் மெர்சி டீச்சர் சொன்னது பலித்துவிட்டது. வெள்ளைச் சட்டை, பளபளக்கும் பூட்ஸ். எனக்கோ தோல் வாரில் கட்டும் பழைய சக்கரம். ஒரு பெண் பியானோவுக்கு ஆடினாள். இன்னொருத்தி நிறைய வயலின்களுக்கு. ஒவ்வொரு தட்டும் நெளியாமல், கீறாமல், புதுப் பாத்திரம் மாதிரி ஒலித்தது. இங்கே நாயனமா என்று நினைத்ததும் எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. காலில் சக்கரம் வேறு இருந்தது, வெரசாகவே ஓடியிருக்கலாம்.

ஒலிபெருக்கி மண்டபத்து ஆள் கையில். பரமண்ணன் தட்டைக் கொடுக்கப் போனார். திரும்பி வரும்போது முகம் செத்திருந்தது. என்னவென்று கேட்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் இரண்டு தட்டு கொண்டுபோயிருக்கிறார். இரண்டாவது, அந்தப் பிள்ளையார் பாட்டு. "மொதல்ல இது, பெறகு அது" என்றிருக்கிறார். மண்டபத்து ஆள், "போட்டியா, கோயில் கொடையா? போங்கண்ணே அங்கிட்டு" என்று தள்ளிவிட்டிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வட்டத்துக்குள்

ஆக, நான் வட்டத்துக்குள் நிற்கிறேன். நாதஸ்வரம் ஒலிக்கிறது.

என் மனம் சொன்னது: இது சத்தம் சரிபார்க்கிறது. இப்போது எடுத்துவிடுவார். இனிமேல்தான் முதல் பாட்டு.

நாதஸ்வரம் நிற்கவில்லை. ராகம் ஏறிக்கொண்டே போனது. ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று நினைத்தேன். டீச்சர் ஏன் கோழி விரட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு சட்டென்று புரிந்தது. முதல் பாட்டு வரப்போவதில்லை. இதுதான் போட்டி. ஆரம்பித்துவிட்டது.

புரிந்தும் கால் வரவில்லை. நடுங்கித் தீர்க்க எனக்கு நேரம் தரவில்லையே! வார் இறுக்கினேனா, இல்லையா? கையைத் துடைக்கவில்லையே! மூன்று நடுவர்களும் என்னையே பார்த்தார்கள். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். போச்சு, பேரை அடித்துவிட்டார் என்று நினைத்தேன். டைப்ரைட்டிங் வகுப்பின் முதுகுச் சாய்வில்லாத மர ஸ்டூல்கூடக் கண்ணில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கர்த்தரையும் கூப்பிட வாய் வரவில்லை.

அப்போது தவில் விழுந்தது.

செத்தவன் எந்திரிப்பான் என்றாரே பரமண்ணன், அது நான்தான். ஆரம்ப வட்டங்கள், வளைவுகள், நான் பத்திரமாகச் செய்யக்கூடிய அத்தனையும் போய்விட்டன. மிச்சமிருந்தது அந்தத் தாவல்தான். காலைச் சூடேற்றாமல் அதை நான் ஒருநாளும் செய்ததில்லை. நின்ற நிலையிலிருந்து பாய்ந்தேன். இறங்கியபோது இடது கால் ஒரு கணம் ஆடியது. பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. தவில்காரர் இழுத்த இழுப்புக்குப் போனேன். அவர் நிறுத்திய இடத்தில் நானும் நின்றேன்.

கை தட்டினார்களா என்றுகூடக் காதில் விழவில்லை. நேராக டீச்சரிடம் உருண்டுபோய், அவர் தோளில் முட்டி அழுதேன்.

"ஏன்டி நின்ன? ஏன்டி நின்ன?" என்று அவரும் அழுதார்.

யார் யார் என்ன பார்த்தார்கள்

முடிவு சொல்ல வெகுநேரம் ஆக்கினார்கள். அதற்குள் நான் எல்லா நகத்தையும் முடித்துவிட்டு அப்பாவின் துண்டு நுனியைக் கடிக்க ஆரம்பித்திருந்தேன்.

கண்ணாடி போட்ட அம்மா மைக்கைப் பிடித்தார். எல்லாரும் இசை ஆரம்பித்த நொடியே ஓடத் தொடங்கினார்கள் என்றார். போடியிலிருந்து வந்த பெண் ஒருத்திதான் இசையைக் கேட்டாள் என்றார். ராகம் முடியும்வரை கண்ணை மூடி அசையாமல் நின்று, தாளம் பிறந்ததும் புறப்பட்டாளே, அவ்வளவு துணிச்சலான தொடக்கத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். அதைப் பார்த்துக் குறிப்பெழுதக்கூட மறந்து பென்சிலை வைத்துவிட்டாராம்.

குழுவில் கடைசி இடம் எனக்கு. கடைசியானால் என்ன, இடம் இடம்தான். அந்தச் சான்றிதழ்தான் பிறகு என்னைக் கல்லூரியில் சேர்த்தது, முப்பது வருஷத்துக்கு மேல் விசிலைக் கழுத்தில் மாட்டி வைத்தது.

ரயிலில் திரும்பும்போது அப்பா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அம்புட்டுப் பேரு முன்னால கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிச்ச பாரு தாயி, அது போதும் எனக்கு. ஒங்கத்தைகிட்ட இத மொதல்ல சொல்லணும்."

நான் வாயைத் திறக்குமுன், எதிரே தட்டை மடியில் வைத்திருந்த பரமண்ணன் முன்னால் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்த ஆளு போட மாட்டேன்னுட்டான் ஆத்தா. எனக்கு உசுரே இல்ல. நீ விட்டுக்குடுக்கலையே! மொதப் பாட்டுக்கு உள்ள நேரத்த அங்கன நின்னே பிள்ளையாருக்குக் குடுத்துட்டுல்ல புறப்பட்ட!"

அப்பா அவரைப் பார்த்தார். அவர் அப்பாவைப் பார்த்தார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பயந்து நின்றேன் என்று அந்த இரண்டு முகத்திடமும் எப்படிச் சொல்வது?

மெர்சி டீச்சரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, கடிகார வாரைக் கழற்றினார்.

"ஏடி, அந்தம்மா மாநிலப் போட்டிக்கும் வருவாகளே. அங்கயும் இதே மாதிரி நிக்கணுமே!"

மறுநாள் களத்தில் நின்று பார்த்தேன். வரவில்லை. பயத்தில் நின்றது ஒரு நிலை. வேண்டுமென்று நிற்பது, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இருந்தது. எங்கே புறப்படுவது என்று தெரியாமல் தவிலுக்கு முன்னால் ஓடினேன், இல்லை பின்னால் போய்ச் சேர்ந்தேன். ஜெயித்தபிறகு தோற்கப்போகிறோமே என்று எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. மாநிலப் போட்டியிலும், பிறகு கல்லூரிக்காக ஆடிய எல்லாப் போட்டிகளிலும், ராகம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வேன். அப்பா முன்வரிசையில் இருந்தால் அவர் தலையும் கூடவே குனியும். ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற நான், பரமண்ணனின் பிள்ளையார் பாட்டில் இரண்டு அடியைத் தவில் விழுவதற்குள் வாய்க்குள் பாடி முடித்துவிட்டு, ஊசி தூக்குகிற அந்த 'கிரக்'கையும் நானே மனசுக்குள் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் காலை எடுப்பேன்.